முப்பத்திரண்டுக்கு ஒன்று

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுண்டன் என்றொரு மலை. அதன் உச்சிப் பாறையில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை பைனாகுலரோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வடக்கே குளிர் இறங்கத் தெற்கே வலசை போகும் பருந்து, கழுகு, வல்லூறு எல்லாவற்றையும் எண்ணுவதுதான் வேலை.

எளிதான வேலையில்லை. செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் வரும். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றுக்குள் கூட்டமாகப் புகுந்து, சிறகை அடிக்காமலே வட்டமிட்டு உயரும். உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே சரியும். சுழலும்போது எண்ணினால் கணக்கு தப்பிவிடும். சரியும்போது எண்ண வேண்டும்.

இதே பாறைக்கு ஒரு காலத்தில் துப்பாக்கியோடு வந்தார்கள். கோழியையும் மனிதர்கள் வேட்டையாடும் பறவைகளையும் தின்னும் எதிரி என்று பருந்துகளைச் சுட்டுக் குவித்தார்கள். ஒரு வகை வல்லூறைச் சுட்டால் ஐந்து டாலர் என்று 1929-ல் மாநில அரசே பரிசு வைத்தது. செத்துக் கிடந்த பறவைகளின் படங்களைப் பார்த்துப் பதறிய ரோசலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி, 1934-ல் அந்த மலையில் சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். காவலுக்கு வந்த மாரிஸ் ப்ரவுன், வேட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பியதோடு, பறவைகளை எண்ணி எழுதவும் தொடங்கினார்.

அந்த நோட்டுதான் பிறகு பேசியது. வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்க நாலைந்து வருடம் ஆகும்; அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு. அதனால் இளங்கழுகுகளைத் தனியே கணக்கிட முடிந்தது. 1935 முதல் 1939 வரை நூற்றுக்கு 40 இளங்கழுகுகள். 1955 முதல் 1959 வரை 20. அதிலும் 1957-ல் 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஒரு இளங்கழுகு. பெரியவை பறந்துகொண்டிருந்தன, குஞ்சுகள்தான் வரவில்லை.

எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில், பூச்சிமருந்துகளுக்கு எதிராக இந்தக் கணக்கைச் சாட்சியாக நிறுத்தினார். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மீன்வழியே கழுகின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலியவைத்தது பின்னர் உறுதியானது. 1972-ல் அமெரிக்கா அதற்குத் தடை போட்டது. 2007-ல் அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட பறவையாக வெண்தலைக் கழுகு அறிவிக்கப்பட்டது.

என்னை நெகிழவைப்பது ஒன்றுதான். டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்பதே 1939-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, எதற்கு உதவும் என்று தெரியாமலே, ஒரு மனிதர் காற்றிலும் குளிரிலும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் குறைவதும், பரத்பூர் சரணாலயத்தில் முன்பே எண்ணி வைத்த கூடுகளோடு ஒப்பிட்டபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

குளிர்காலத்தில் நம் கரிசல் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் பூனைப்பருந்துகள் வருகின்றன. இந்த ஆண்டு அவற்றைப் பார்த்தால் தேதி, இடம், எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போய் எண்ணுங்கள்.