வாடகை வீட்டில் பிரச்சினையா? அந்தமானில் யாரிடம் முறையிடுவது, நகராட்சிக்கு ஏன் அந்த அதிகாரம் இல்லை?

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊரில், நீங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடைக்காலம். குழாயில் தினமும் தண்ணீர் வராத நேரம். மாடியில் தொட்டி நிரம்பியிருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் குழாயை வீட்டுக்காரர் அடைத்துவிட்டார். "வாடகையை ஏத்திக் கொடுங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க" என்கிறார்.

உடனே யார் ஞாபகம் வரும்? வார்டு கவுன்சிலர்தான். ஆனால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வீட்டுக்காரருக்கு உத்தரவு போட அவரால் முடியாது. அந்த அதிகாரம் நகராட்சியிடம் இல்லை.

அப்போ யாரிடம் இருக்கிறது?

நகராட்சி எதைப் பார்க்கிறது?

ஸ்ரீ விஜயபுரம் நகராட்சியில் 24 வார்டுகள். கடைசியாக 2022 மார்ச்சில் தேர்தல் நடந்தது. 1994ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் நகராட்சி ஒழுங்குமுறையின் கீழ் இது இயங்குகிறது.

வீடு கட்ட வரைபட அனுமதி, சொத்து வரி, நகருக்குள் குடிநீர் விநியோகம், குப்பை அகற்றுவது எல்லாம் நகராட்சியின் வேலை. இது சின்ன வேலை இல்லை. நிலநடுக்க அபாயம் மிக அதிகமுள்ள பகுதியில் இந்தத் தீவுகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தையும் சுனாமியையும் இங்கே யாரும் மறக்க முடியாது. அனுமதி வாங்கிய இரண்டு மாடிக்கு மேல் மூன்றாவது மாடி எழுப்பி அதை வாடகைக்கு விட்டால், ஆபத்து அங்கே குடியிருப்பவருக்குத்தான்.

ஆனால் நகராட்சி பார்ப்பது கட்டடத்தை மட்டும்தான். உள்ளே யார் குடியிருக்கிறார், எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் அதன் எல்லைக்குள் வராது.

ஏன் இப்படி?

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய பொறுப்புகளாக 18 விஷயங்களைப் பட்டியலிட்டது. அதுதான் 12ஆவது அட்டவணை. அதில் முதல் இரண்டு இடங்கள் நகரத் திட்டமிடலுக்கும், நிலப் பயன்பாடு மற்றும் கட்டடங்களை ஒழுங்குபடுத்துவதற்கும். வீட்டுக்காரர்–வாடகைதாரர் உறவு அந்தப் பட்டியலில் இல்லை. அது மாநிலப் பட்டியலில் வருகிறது.

தமிழ்நாட்டுக்கு என்றால் சட்டமன்றம் கூடி விவாதித்துச் சட்டம் போடலாம். அந்தமான் நிக்கோபார் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். மக்களவைக்கு ஒரே ஒரு எம்.பி. இங்கே சட்டம் டெல்லியிலிருந்து இரண்டு வழிகளில் வரலாம்: நாடாளுமன்றம் இயற்றலாம், அல்லது அரசமைப்பின் 240ஆவது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை பிறப்பிக்கலாம்.

வாடகை விஷயத்தில் நடந்தது இரண்டாவது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் வாடகை ஒழுங்குமுறை, 2023-ஐப் பிறப்பிக்க 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. லட்சத்தீவுக்கும், தாத்ரா நகர் ஹவேலி – டாமன் டையூவுக்கும் அதே நாளில் இதே மாதிரி ஒழுங்குமுறைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்றுக்கும் அடிப்படை, 2021 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம்.

மாதிரிச் சட்டம் என்ன சொல்கிறது?

* எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. ஒப்பந்தம் போட்ட 2 மாதத்துக்குள் வாடகை அதிகார அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அதற்கு ஓர் அடையாள எண் கொடுப்பார்கள்.

* குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் அதிகபட்சம் 2 மாத வாடகை. கடை போன்றவற்றுக்கு 6 மாத வாடகை.

* தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பு இடைக்கால உத்தரவு போடலாம்.

* வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.

* வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் முதல் 2 மாதங்களுக்கு இரு மடங்கு வாடகை, அதற்குப் பிறகு நான்கு மடங்கு.

புகாரை விசாரிக்க மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, அவர்தான் வாடகை அதிகார அமைப்பு. அடுத்து வாடகை நீதிமன்றம், இதுவும் வருவாய்த் துறை அதிகாரியின் கீழ். கடைசியாக மாவட்ட நீதிபதி நிலையில் வாடகைத் தீர்ப்பாயம்.

இந்த மூன்று படியில் எதிலும் நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

யாரெல்லாம் இதற்குள் வர மாட்டார்கள்?

தலைநகரில் அரசு ஊழியர்கள் நிறையப் பேர் அரசுக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மாதிரிச் சட்டம் அரசுக்குச் சொந்தமான கட்டடங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஓட்டல், லாட்ஜ் போன்றவையும் வெளியே. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே போட்ட பழைய வாடகை ஏற்பாடுகளையும் இது தொடாது.

இதையெல்லாம் விட முக்கியமான கூட்டம் ஒன்று இருக்கிறது: எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள். வேலைக்காக வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கும் தொழிலாளிக்கு ரசீதும் இல்லை, அக்ரிமென்டும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். வீடு தேடும்போது "நம்ம ஊர்க்காரர்" என்ற நம்பிக்கையில் பேசி முடிப்பது சகஜம். அந்த நம்பிக்கையைக் காட்டி எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாது.

சென்னையில் மட்டும் வேறு மாதிரியா?

இல்லை. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கேயும் ஒப்பந்தத்தைப் பதிவது வருவாய்த் துறை அதிகாரியிடம்தான். மாநகராட்சி கவுன்சிலருக்கு அங்கேயும் இதில் வேலை இல்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள விதி.

வேறு மாதிரி செய்யும் இடம் லண்டன். தமிழர்கள் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம் கவுன்சில், 2013 ஜனவரி முதல் தன் பகுதியில் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அதற்கு வழி செய்தது. கவுன்சில் ஆட்கள் வந்து சோதிக்கலாம். உரிமம் இல்லாமல் வாடகைக்கு விட்டால் அபராதம். கொடுத்த வாடகையைத் திரும்பக் கேட்டு வாடகைதாரர் தீர்ப்பாயத்துக்குப் போகவும் வழி உண்டு. அங்கே கட்டடத்தின் தரத்தையும் குடியிருப்பவரின் பாதுகாப்பையும் ஒரே கவுன்சில் சேர்த்துப் பார்க்கிறது.

அதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா?

யோசிக்க வேண்டிய கேள்வி. உரிமக் கட்டணத்தை வீட்டுக்காரர் வாடகையில் சேர்க்கலாம். தீவின் நிலத்தில் கிட்டத்தட்ட 87 சதவீதம் வனப்பகுதி. வீடு கட்ட மீதி இருக்கும் இடம் குறைவு. கட்டுமானப் பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் வர வேண்டும். கெடுபிடி அதிகமானால் வாடகைக்கு வீடு கிடைப்பதே குறையலாம். உள்ளூர் அரசியலில் இருப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் சோதனை எப்படி நடக்கும் என்ற சந்தேகமும் நியாயமானது.

ஆனால் இப்போதைய ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதியும் அதிகாரி அந்த மாடிக்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டியதில்லை. மாடிக்கு அனுமதி கொடுக்கும் நகராட்சி அங்கே யார் குடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கோப்புகளையும் இணைக்கச் சட்டமன்றமோ புது உரிமமோ தேவையில்லை. ஒப்பந்தத்தைப் பதியும்போது நகராட்சியின் சொத்து வரி எண்ணையும் கேட்டால் போதும், அனுமதி இல்லாத மாடி தானாகவே வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது

* சின்ன அறையானாலும் எழுதி வாங்குங்கள். வாடகை, அட்வான்ஸ், காலம், தண்ணீர் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

* வாடகையை முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள்.

* போலீஸ் சரிபார்ப்புப் படிவம் கொடுத்தால் அது வாடகைப் பதிவு ஆகாது. இரண்டும் வேறு.

* தலைநகரில் இருப்பவர்கள் வாடகைப் பதிவு, புகார் பற்றித் தெற்கு அந்தமான் துணை ஆணையர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

* விரிசல் விட்ட சுவர், அனுமதி இல்லாத மாடி போன்றவை கட்டடம் சார்ந்தவை. அதற்கு நகராட்சிதான் சரியான இடம். எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

குழாயை அடைத்த வீட்டுக்காரருக்கு வருவோம். அவர் மேல் புகார் கொடுக்கப் போனால் அதிகாரி முதலில் கேட்பது உங்கள் ஒப்பந்தத்தைத்தான். அது கையில் இருந்தால் அன்றே மனு எழுதலாம். இல்லையென்றால், அந்த வீட்டில் நீங்கள் குடியிருப்பதை நிரூபிப்பதே முதல் வேலையாகிவிடும். அதுவரை குழாய் அடைத்தபடியே இருக்கும்.