முட்டை இல்லை, தயிர் இல்லை... ஆனாலும் அந்தக் கெட்டி!

ஹேண்ட் பிளெண்டரின் சத்தம் மாறும் அந்த ஒரு நொடிக்காகவே நான் மயோனைஸ் செய்வேன். முதலில் சலசலவென்று ஓடும். பிறகு சட்டென்று குரல் கம்மி, கனத்து உறுமும். உடனே குனிந்து பாருங்கள்! டம்ளரின் அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் கிளம்பி, மேலே நிற்கும் மஞ்சள் எண்ணெயைத் தின்றுகொண்டே ஏறி வரும். உள்ளே போனது சோயா பாலும் சூரியகாந்தி எண்ணெயும், கூடவே ஒரு துளி மஸ்டர்ட் சாஸும் உப்பும்தான். கரண்டியைக் குத்தினால் நிற்கிறது!

வீகன் சாலட் டிரெஸ்ஸிங் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களை இந்த டம்ளருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த எனக்குக் கொள்ளை ஆசை. அந்தக் கெட்டிக்கும் பசும்பாலுக்கும் சம்பந்தமே கிடையாது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைய வேண்டும், உடைந்த துளிகள் மறுபடி ஒன்றோடொன்று சேராமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்! முட்டை மயோனைஸில் இந்தக் காவல் வேலையைச் செய்வது மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின். அதே லெசித்தின் சோயாவிலும் இருக்கிறது, புரதமும் துணைக்கு இருக்கிறது. இரண்டும் ஒவ்வொரு துளியையும் சுற்றி வளைத்துக்கொள்கின்றன. துளிகள் நகர இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்பதால் கெட்டி. வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பதால் வெள்ளை. பாலே இல்லாத பால் நிறம்!

அளவு மிக எளிது. சர்க்கரை சேர்க்காத சோயா பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, மஸ்டர்ட் சாஸ் அரை டீஸ்பூன், உப்பு. பாலை ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். குறுகலான உயரமான டம்ளரில் எல்லாவற்றையும் ஊற்றி, பிளெண்டரை அடியில் அழுத்திப் பிடித்து, கொஞ்ச நேரம் அசைக்கவே அசைக்காமல் ஓட்டுங்கள். வெள்ளை மேலே ஏறிய பிறகுதான் மெல்லத் தூக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கடைசியில். அது விழுந்ததும் இன்னும் ஒரு சுற்று இறுகும், பாருங்கள்! கடுகின் வேலை காரம் மட்டுமில்லை, அதன் தோலில் உள்ள கொழகொழப்பும் துளிகளைப் பிரித்து வைக்கும். ஆலிவ் எண்ணெயை மட்டும் பிளேடிடம் கொடுக்காதீர்கள், கசந்துவிடும்.

ஹேண்ட் பிளெண்டர் இல்லாத வீட்டில் மிக்ஸியின் சட்னி ஜாரே போதும். எண்ணெயை ஸ்பூன் ஸ்பூனாக விட்டு, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓடினால் ஜார் சூடாகிக் கலவை பிரியும். பிரிந்தாலும் அழ வேண்டாம். சுத்தமான ஜாரில் இரண்டு ஸ்பூன் புதிய சோயா பால் எடுத்து, பிரிந்ததைச் சிறுகச் சிறுக அதில் விட்டு அடித்தால் மறுபடி கூடிவிடும்!

இனி முந்திரி. பிரேசிலில் பிறந்து, போர்ச்சுகீசியர்களோடு கப்பலேறி வந்து, பண்ருட்டிப் பக்கம் காடு காடாகப் பரவிய மரம். குருமாவுக்கு முந்திரி அரைக்கும் நமக்கு இதில் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. முழு முந்திரிக்குக் காசைக் கொட்டாதீர்கள், உடைத்த முந்திரி பேஷாகப் போதும். அரை கப் எடுத்து, கொதிக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். தண்ணீரை முதலிலேயே தாராளமாக விட்டால் பருப்பு நழுவி நழுவி ஓடும், திப்பி நிற்கும். கொஞ்சமாக விட்டு மையாக அரைத்த பிறகுதான் தளர்த்த வேண்டும். நாக்கில் துளிகூட நெருடக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் இறுகும் என்பதால் ஒரு பிடி தளர்வாகவே எடுங்கள்.

இந்த முந்திரி விழுதில்தான் எனக்குப் பிடித்த ராஞ்ச் பிறக்கிறது. அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் சாலட் டிரெஸ்ஸிங் அது. அதைக் கண்டுபிடித்தவர் சமையல் நிபுணரல்ல, ஸ்டீவ் ஹென்சன் என்ற பிளம்பர்! அலாஸ்காவில் வேலை பார்த்தபோது சக தொழிலாளர்களுக்காக மோரில் இதைக் கலக்கினார். 1954இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே ஒரு பண்ணை வாங்கி, அங்கே வரும் விருந்தாளிகளுக்குப் பரிமாறினார். 1972இல் ப்ளீச் தயாரிக்கும் க்ளோராக்ஸ் நிறுவனம் அந்த டிரெஸ்ஸிங் வியாபாரத்தை 80 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. மோருக்குப் பதில் முந்திரியும் எலுமிச்சையும், பூண்டு, வெங்காயப் பொடி, மிளகு, பொடியாக நறுக்கிய சதகுப்பை இலை. அது கிடைக்காத ஊரில் கொத்தமல்லித் தழை. ராஞ்ச் தயார்!

முந்திரிக்குப் பதில் தஹினியில் டிரெஸ்ஸிங் செய்வதானால் ஒரே ஒரு எச்சரிக்கை. எள்ளு விழுதில் தண்ணீர் விட்டதும் அது தளராது, நேர்மாறாக இறுகித் திரண்டுபோகும். கெட்டுவிட்டது என்று நினைத்து நிறைய பேர் அங்கேயே கைவிடுகிறார்கள். விடாதீர்கள்! இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் கலக்கு. திடீரென்று நெகிழ்ந்து, வெளுத்து, வழவழவென்று ஓடும். இதில் சேர்க்கும் பூண்டை எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்தே அரையுங்கள். பூண்டு நசுங்கும்போது காட்டத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும். மணம் மட்டும் மிஞ்சும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட என்னைத் துள்ளவைக்கும் சங்கதி. கொண்டைக்கடலை வெந்த தண்ணீர் முட்டை வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும் என்று 2014இல் கவனித்தவர் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர். மறு வருடமே கூஸ் வோல்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர், அந்தத் தண்ணீரையும் சர்க்கரையையும் மட்டும் அடித்து மெரிங் என்ற நுரை இனிப்பைச் செய்து காட்டினார். கடலையிலிருந்து இறங்கிய புரதமும் மாவுச்சத்தும்தான் இந்த வித்தைக்குக் காரணம். ராத்திரி ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவைத்து, கடலையோடு அப்படியே ஆறவிட்டு வடியுங்கள். நீர்த்திருந்தால் வெள்ளைக்கருப் பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். அதில் 3 மேசைக்கரண்டி, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மஸ்டர்ட், முக்கால் கப் எண்ணெய். பால்கூட வேண்டாம், மயோனைஸ் வந்துவிடும்! பானிபூரிக் கடையில் மணக்குமே, அந்தக் கறுப்பு உப்பை ஒரு சிட்டிகை தூவினால் அதன் கந்தக வாசனையில் முட்டையே போட்டதாகச் சத்தியம் செய்வார்கள்.

எதைச் செய்தாலும் ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். கழுவிய இலைகளை ஈரம் போகத் துடைத்துவிட்டே கலக்குங்கள், ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாது. அடுத்த முறை சுண்டலுக்குக் கடலை வேகவைக்கும்போது, தயவுசெய்து அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள்!