மார்கழியில் தேறிய ரேம்

ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் மார்கழி முழுக்க ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும். சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம் தயாராகும் நாட்களில், மொட்டைமாடி அறையில், அதே கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டும். நாம் முதலில் பிராசசரைச் சந்தேகிப்போம், பிறகு விண்டோஸைத் திட்டுவோம். ரேமின் ஞாபகம் கடைசியில்தான் வரும். அதிலும் மெமரி டிவைடர் என்று பயோஸில் ஒரு மூலையில் கிடக்கும் அமைப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

டிவைடர் என்பது ஒரு விகிதம். மதர்போர்டில் ஓர் அடிப்படைத் துடிப்பு உண்டு. பிராசசர் அதை ஒரு எண்ணால் பெருக்கித் தன் வேகத்தைப் பெறும். ரேம் வேறொரு விகிதத்தால் தன் வேகத்தைப் பெறும். அடிப்படையை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

2006இல் வந்த இன்டெல் கோர் 2 டுவோ இ6300 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அடிப்படைத் துடிப்பு 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 7, ஆக மொத்தம் 1.86 கிகாஹெர்ட்ஸ். ரேமுக்கு 4:5 விகிதம் வைத்தால் 333. ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் அது டிடிஆர்2-667. இப்போது அடிப்படையை 400க்கு ஏற்றுங்கள். பிராசசர் 2.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும், சந்தோஷம். ஆனால் 4:5 அப்படியே இருந்தால் ரேம் 500க்குப் போய் டிடிஆர்2-1000 ஆகியிருக்கும். கையில் இருப்பது 800 என்று அச்சிட்ட ரேம். கம்ப்யூட்டர் எழுந்திருக்காது, நாமோ பிராசசர் தாங்கவில்லை என்று முடிவு கட்டியிருப்போம். விகிதத்தை 1:1 ஆக்கினால் ரேம் சரியாக 800இல் நிற்கும், பிராசசரும் 2.8இல் ஓடும்.

அதே காலத்து ஏஎம்டி அத்லான் 64இல் கணக்கு வேறு. அங்கே ரேமின் வேகம் பிராசசர் வேகத்தை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. 2200 மெகாஹெர்ட்ஸ் பிராசசரில் 166 என்ற அமைப்பைத் தேர்ந்தால் உள்ளே 14ஆல் வகுபடும், கிடைப்பது 157. பயோஸ் சொல்வது ஒன்று, ஓடுவது இன்னொன்று.

சரி, இரண்டு வேறு விகிதங்களில் ரேம் ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்தால்? ஒன்றில் தேறியது இன்னொன்றிலும் தேற வேண்டும் என்றுதான் தோன்றும். தேறாமலும் போகும். இதை ஒரு பஸ் பயணமாகச் சொல்லிப் பார்க்கிறேன். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சத்திரத்துக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி ஸ்ரீரங்கத்துக்கு இன்னொன்று. (ஒன்றாம் நம்பர் பஸ் நேராகவே போகும், தெரியும், கணக்குக்காக இறங்கி ஏறுவோம்.) இரண்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால், இறங்கியதும் ஏறலாம். முதலாவது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, இரண்டாவது நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால், சத்திரத்தில் காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். பிராசசர் பக்கத்துத் துடிப்பும் ரேம் பக்கத்துத் துடிப்பும் சந்திக்கும் இடம் அந்தச் சத்திரம். அங்கே தரவு எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதை விகிதத்துக்குத் தகுந்தபடி சிப்செட் முடிவு செய்கிறது. பழைய இன்டெல் போர்டுகளில் இதற்கு ஸ்ட்ராப் என்று பெயர். விகிதத்தை மாற்றினால், திரையில் தெரியாத பல டைமிங்குகளும் சேர்ந்தே மாறிவிடும். வேகம் அதேதான், உள்ளே கெடுபிடி கூடியிருக்கலாம்.

டிடிஆர்4 காலத்து இன்டெல் போர்டுகளிலும் இந்த விளையாட்டு உண்டு. 3200 என்ற வேகத்தை 133.33ஐ 24ஆல் பெருக்கியும் எட்டலாம், 100ஐ 32ஆல் பெருக்கியும் எட்டலாம். ஒன்றை ஏற்கும் போர்டு மற்றதில் மக்கர் செய்யலாம். 2021இல் வந்த 11ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் விகிதம் கியர் என்ற பெயரில் வந்தது: கியர் 1இல் மெமரி கண்ட்ரோலர் ரேமின் வேகத்திலேயே ஓடும், கியர் 2இல் பாதி வேகத்தில். ஏஎம்டி ரைசனிலும் 1:1, 1:2 என்று இதே ஏற்பாடு. பாதியாக்கினால் கண்ட்ரோலர் மூச்சு விடும், ரேமை மேலே தள்ளலாம். பதிலுக்குத் தாமதம் கூடும். அவ்வளவு தள்ளியும் 1:1ஐ விட மெதுவாகிப் போகும் சந்தர்ப்பம் நிறைய.

தாமதம் என்றதும் ஒரு கணக்கு. சிஎல் என்பது கேட்டதற்குப் பதில் சொல்ல ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. டிடிஆர்2-800இல் சிஎல்4, டிடிஆர்4-3200இல் சிஎல்16, டிடிஆர்5-6000இல் சிஎல்30. போட்டுப் பாருங்கள், மூன்றும் 10 நானோ நொடிதான். பெட்டியில் எண்கள் ஏறிக்கொண்டே போனாலும் உள்ளே இருக்கும் செல் பதில் சொல்ல எடுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை. அதனால் டிவைடரை ஏற்றிவிட்டு சிஎல் எண்ணைத் தொடாமல் விட்டால், செல்லை அவசரப்படுத்துகிறோம். 3200இல் சிஎல்16 ஆக இருந்ததை 3600இல் அப்படியே வைத்தால் 8.9 நானோ நொடிக்குள் பதில் வேண்டும். எல்லா ரேமாலும் முடியாது.

இனி வெயில். ரேம் செல் என்பது ஒழுகும் பானை. அதில் உள்ள மின்னேற்றம் வடிந்துகொண்டே இருக்கும்; டிடிஆர்4 வரையிலான ரேமில் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கு கூடும். 85 டிகிரிக்கு மேல் அதை 32 மில்லி நொடியாகக் குறைக்க வேண்டும் என்பதே தர விதி. டைமிங்குகளை இறுக்கி, நிரப்பும் இடைவெளியையும் நீட்டி வைத்தவர்களுக்கு 50 டிகிரியிலேயே பிழைகள் தலைகாட்டும். 40ஐத் தாண்டும் திருச்சிக் கோடையில், ஏசி இல்லாத அறையில், கேபினெட்டுக்குள் 50 என்பது சர்வ சாதாரணம்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ள வேண்டும். முதலில் டிவைடரை இறக்கி, ரேமை அதன் அச்சிட்ட வேகத்துக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு, பிராசசரை மட்டும் ஏற்றிப் பார்க்கலாம். இப்போது விழுந்தால் குற்றவாளி பெரும்பாலும் ரேம் இல்லை. பிறகு பிராசசரைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்து, ரேமை மட்டும் ஏற்றி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு ராத்திரி ஓட விடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்று கொள்க. தொண்ணூற்றொன்பது மதிப்பெண்ணுக்கு இங்கே பாஸ் கிடையாது. கடைசியாக இரண்டையும் சேர்த்து. விகிதத்தை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விண்டோஸ் எழுந்துவிட்டதே என்பது சான்றாகாது. ஒரு பிட் புரண்டால் நீலத் திரை வந்தே தீரும் என்றில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் சத்தமில்லாமல் கெடலாம், டேலி கணக்கில் ஓர் எண் மாறலாம். நீலத் திரை வந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் நான் சொல்வேன்.

திருச்சிக்காரர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. பாய்லர் செய்யும் பெல் ஆலை இருக்கும் ஊர் இது. பாய்லரை அதன் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் தண்ணீர் அடைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த அரை மடங்கு போல ரேமிலும் விட்டுவைத்திருக்கும் மிச்சத்தைத்தான் ஓவர்கிளாக் செய்கிறவர் செலவழிக்கிறார். 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் தொடங்கிய பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது, திரவத்தால் குளிர்விக்கப்படுவது. அந்த வகை இயந்திரங்கள் புரண்ட பிட்டைத் தாமே திருத்திக்கொள்ளும் இசிசி ரேமை வைத்துக்கொண்டு, அச்சிட்ட வேகத்தைத் தாண்டுவதே இல்லை. நம் வீட்டு ரேமில் அந்தத் திருத்தம் முழுதாகக் கிடையாது. ஆகவே 3600இல் தேறினாலும் ஒரு படி இறங்கி 3466இல் ஓட்டுவது நல்லது.

இன்னொன்று. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட் குளிர்ந்திருக்கும். சித்திரையில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, ஃபேனை மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு கனமான கேமை இரண்டு மணி நேரம் ஓட விட்டு, சூடு ஆறுவதற்குள் ரேமை மறுபடி சோதித்துப் பாருங்கள்.