சியோல் பயணம் பிறப்புப் பத்திரத்தில் தொடங்குகிறது

2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென் கொரியத் தலைநகர் சியோலில் உலக இளையோர் தினம் நடக்கவிருக்கிறது. 2023 ஆகஸ்டில் லிஸ்பனில் நடந்த முந்தைய மாநாட்டின் நிறைவுத் திருப்பலியிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் இதை அறிவித்துவிட்டார். பெயரில்தான் தினம், உண்மையில் ஒரு வாரம். செவ்வாய்க்கிழமை தொடக்கத் திருப்பலி, பிறகு மொழிவாரியாக மறையுரை, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை, சனிக்கிழமை இரவு திறந்தவெளியில் விழித்திருந்து செபம், ஞாயிறு காலை நிறைவுத் திருப்பலி என்பது வழக்கமான வரிசை. ஆசிய மண்ணில் இது இரண்டாவது முறை. 1995 ஜனவரியில் மணிலாவில் இரண்டாம் ஜான் பால் நிறைவேற்றிய திருப்பலிக்கு ஏறத்தாழ 50 லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். அடுத்து ஆசியாவுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மலேசியாவின் கம்போங் ராஜா போன்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் கம்போங் ராஜா. பக்கத்திலேயே புளூ வேலி தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்க வந்த தமிழர்களின் பேரப் பிள்ளைகளில் பலர் இன்று காய்கறித் தோட்டத்திலும், லோரியிலும், தங்கும் விடுதிகளிலும், ஸ்ட்ராபெரிக் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். சுற்றுப்பயணிகள் மலையேறும் சனி, ஞாயிறுதான் இங்கே சம்பாதிக்கும் நாள். கோலாலம்பூரில் ஒரு பங்கு இளையோர் குழு ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கூடிப் பேசும் நேரத்தில், இங்குள்ள பையன் கடையில் நிற்பான், அல்லது கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பான். கூட்டத்துக்கு வராதவனை ஆர்வமில்லாதவன் என்று எழுதிவிடுவது எளிது. சியோலுக்கு யாரை அழைத்துப் போவது என்று பெயர் எழுதும்போது முதலில் விடுபடுவதும் இவன்தான். கிட்டார் வாசிக்கும் பிள்ளையும் ஆங்கிலம் பேசும் பிள்ளையும் பட்டியலில் தானாக வந்துவிடும். லோரிப் பையன் வீட்டுக்கு யாராவது நடந்துபோய்க் கேட்டால்தான் உண்டு.

ஆனால் வேலையையும் பணத்தையும்விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கோயிலில் யாரும் பேசுவதில்லை.

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘மக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி’, அதாவது விவரம் கிடைக்கவில்லை என்று அச்சாகியிருக்கும். குடியுரிமைக்கான இடத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’, குடிமகன் அல்ல என்று இருக்கும். பிறந்தது இந்த நாட்டு மருத்துவமனை, படித்தது இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளி. ஆனாலும் பன்னிரண்டு வயதில் வகுப்புப் பிள்ளைகள் ஐ.சி. என்னும் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இந்தப் பிள்ளை மட்டும் வீட்டில் நிற்கும். ஐ.சி. இல்லாமல் மலேசிய பாஸ்போர்ட் கிடைக்காது.

காரணம் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டினோம், ஊருக்கே விருந்து வைத்தோம், அது போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த குழந்தை, சட்டத்தின் கண்ணில் தாயின் குடியுரிமையைத்தான் பெறும். அம்மா வெளிநாட்டவராக இருந்தாலோ, அம்மாவுக்கே பத்திரம் சரியில்லாமல் இருந்தாலோ பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது. அப்பா மலேசியராக இருந்தும் பயனில்லை. இதற்குத் தீர்வே இல்லை என்றில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி அரசாங்கம் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திப் பிள்ளையைக் குடிமகனாகப் பதியலாம். அதற்கு வயது வரம்பு உண்டு. பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆவதும் உண்டு. விமான டிக்கெட்டைப் பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புகூட வாங்கிவிடலாம். குடியுரிமையை அப்படி வாங்க முடியாது.

சியோலுக்கு ஆள் சேர்க்கிறோம் என்று ஒரு பங்கு உட்காரும்போது, அந்த மேசையில் முதலில் விரிய வேண்டியது பிறப்புப் பத்திரம். எந்தப் பிள்ளைக்கு அதில் குடியுரிமை இல்லை என்று சத்தமில்லாமல் கண்டுபிடித்து, தேசியப் பதிவு இலாகாவுக்குக் கையோடு கூட்டிப் போக வேண்டும். பாரம் நிரப்பத் தெரிந்த ஓர் ஆசிரியரோ, ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியரோ பங்கில் இருப்பார். சியோலுக்கு அந்தப் பிள்ளை போக முடியாமலே போகலாம். ஆனால் கல்லூரிக்குப் போக, வங்கிக் கணக்குத் திறக்க, நாளைக்குத் தன் திருமணத்தைப் பதிய அந்தக் குடியுரிமை வேண்டும். இளையோர் மாநாட்டுக்கான தயாரிப்பில் இதைவிடக் கிறிஸ்தவமான வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

சியோலுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போக வேண்டும். பினாங்கில் இருக்கும் காலேஜ் ஜெனரல் என்ற குருமடம் சயாமின் அயுத்தியாவில் தொடங்கியது. இடையில் 1770 முதல் 1782 வரை புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் இருந்தது. 1808இல் பினாங்கு வந்தது. அங்கே பாடம் நடத்திய இரண்டு பிரெஞ்சுக் குருக்கள், லோரான் இம்பெர், ஜாக் ஷாஸ்தான். இருவரும் பின்னர் கொரியாவுக்குப் போனார்கள். அங்கே கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலம் அது. தன்னைத் தேடி எளிய மக்களைக் கொல்கிறார்கள் என்று கண்ட ஆயர் இம்பெர் தாமே போய்ச் சரணடைந்தார். ஷாஸ்தானையும் அங்கிருந்த இன்னொரு பிரெஞ்சுக் குருவையும் சரணடையச் சொல்லி எழுதினார். 1839 செப்டம்பர் 21ஆம் தேதி சியோலில், ஹான் ஆற்றங்கரையில் மூவரையும் தலை வெட்டிக் கொன்றார்கள். 1984இல் இரண்டாம் ஜான் பால் அதே சியோலுக்குப் போய் 103 கொரிய மறைசாட்சிகளைப் புனிதர்களாக அறிவித்தபோது இவர்கள் பெயரும் அதில் இருந்தது. அந்தக் கொலைகளுக்குப் பின்வந்த ஆண்டுகளில் கொரிய மாணவர்களும் குருத்துவம் படிக்கப் பினாங்குக்கு வந்தார்கள். கம்போங் ராஜாவிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பினாங்கு. சியோலுக்கு முன் ஒரு நாள் அங்கே போய் நின்று இந்தக் கதையைச் சொல்லலாம். போகிற வழியில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில். ஜூலை கடைசியில் வரும் அதன் திருவிழாவின் நெரிசலில் குழுவாகச் சேர்ந்திருக்கப் பழகிக்கொண்டால் சியோல் கூட்டம் மிரட்டாது.

வெயிலை மட்டும் லேசாக நினைக்கக் கூடாது. குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொரியாவின் ஆகஸ்ட் கடுமையானது. 2023 ஆகஸ்டில் அங்கே சேமாங்கும் என்ற இடத்தில் நடந்த உலகச் சாரணர் முகாமில் 40,000க்கும் அதிகமானவர்கள் கூடினார்கள். வெப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். பிரிட்டன், அமெரிக்கா குழுக்கள் முகாமைவிட்டு வெளியேறின. கடைசியில் புயல் வருகிறது என்று எல்லோரையும் இடம் மாற்றினார்கள். ஆகவே மருந்து, தண்ணீர், தொப்பியோடு பிள்ளைகளின் உடல்நிலை அறிந்த ஒரு தாதியும் கூடப் போவது அவசியம். பெண் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நம்பும் அக்கா ஒருவர் வேண்டும். படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் ஆண்டு என்பதால் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

பணத்துக்கு வழி உண்டு. மாதா மாதம் சிறுகச் சேர்க்கலாம், நல்விருந்து வைக்கலாம், நகரத்துப் பங்குகளிடம் உரிமையோடு கேட்கலாம். ஒருவர் செலவை ஒருவரே தாங்கும் முறை மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போவார்கள். திரும்பி வந்து அவர்கள் சொல்லும் கதையும் அவர்கள் வீட்டோடு நின்றுவிடும். ஊரே காசு போட்டு அனுப்பிய பிள்ளை, திரும்பி வந்ததும் ஊருக்கே பதில் சொல்லும்.

கேமரன் மலைப் பங்குகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் ஐ.சி.யையும் பெற்றோரின் திருமணப் பதிவையும் எடுத்துவரச் சொல்லி அறிவியுங்கள். வேலைக்குப் போன பிள்ளைகளின் வீட்டுக்கு நீங்களே போங்கள். விமான டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.