வான்வழி நான்கு மணி நேரம்

"துபாயிலிருந்து பெங்களூருக்கு நான்கு மணி நேரப் பயணந்தானே, சாமி! மகன் இரவு விமானத்தில் ஏறுகிறான். காலை ஒன்பது மணிக்கு அடக்கத்தை வைத்துக்கொள்வோம்." இப்படிச் சொல்லி வரும் குடும்பத்தார் நமது தர்மபுரி மாவட்டப் பங்குகளில் பலர் உண்டு. துக்கத்தில் இருப்பவர்களிடம் கணக்குப் பேசுவது இனிமையான வேலையன்று. ஆயினும் பேசியே ஆகவேண்டும். ஏனெனில், தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண்பதற்கென்றே அந்த மகன் வருகிறான்.

துபாய்க்கும் பெங்களூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,700 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி என்பதும் மெய்யே. ஆனால் பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். துபாயின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. அங்கே இரவு 10 மணிக்குக் கிளம்பும் விமானம் இங்கே இறங்கும்போது நமக்கு அதிகாலை 3.30 மணி. இதே காரணத்தால், போகும்போது காலை 10 மணிக்கு ஏறியவர் பகல் 12.30 மணிக்கு இறங்கிவிட்டதாகச் சீட்டு காட்டும். அதைப் பார்த்து, இரண்டரை மணியில் துபாய் போய்விடலாம் என்று எண்ணுவோரும் உளர்!

இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டிகளுக்காகக் காத்திருத்தல் என ஒரு மணிக்குமேல் செல்லும். அதன்பின் சாலை. 2008 மே மாதம் வரை பெங்களூரின் பயணியர் விமானங்கள் நகரின் கிழக்குப் பகுதியிலிருந்த பழைய நிலையத்தில் இறங்கின. ஓசூர்ச் சாலையைப் பிடிப்பது எளிது. இப்போதைய நிலையமோ நகருக்கு வடக்கே, தேவனஹள்ளியில். வானத்தில் தூரம் ஏறக்குறைய அதேதான். தரையில் நமக்கு வழி நீண்டுவிட்டது. அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தர்மபுரி சுமார் 170 கிலோமீட்டர். காலை நெரிசலில் சிக்கினால் நான்கு மணிக்குக் குறையாது. ஆக, வீட்டு வாசலை அடைய ஒன்பது, பத்து மணியாகும். பென்னாகரத்துக்கு அப்பால் என்றால் இன்னும் தாமதம்.

நமக்கு அருகிலுள்ளது சேலம் விமான நிலையம். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கிருந்து விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர்தான். மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் விமானத்துக்கு அரைமணி போதுமே என்று தோன்றும். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குமுன் ஓடுபாதையின் திசைக்குத் திரும்புவது ஆகிய அனைத்தும் அந்தக் கணக்கில் அடங்கும். சிறு பயணத்தில் இவையே பாதிப் பொழுதைத் தின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி, சேலத்துக்கு அடுத்த விமானம் எப்போது என்று காத்திருப்பதைவிடச் சில வேளைகளில் இரயிலே மேல்.

எனவே என்னிடம் வருவோரை நான் கேட்பது மூன்று: மகனுக்கு விடுப்புக் கிடைத்ததா? சீட்டு கையில் வந்ததா? நம் நேரப்படி எத்தனை மணிக்கு இறங்குகிறான்? இம்மூன்றும் தெரிந்தபின்பே கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் அனுப்பலாம். உடலை வைக்கும் ஐஸ் பெட்டி இன்று சிற்றூர்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதிகாலையில் பெங்களூரில் இறங்குபவருக்காக அடக்கத்தை மாலை நான்கு மணிக்கு வைத்தால், அவர் வந்து சற்று நேரம் தந்தையின் அருகில் உட்காரவும் முடியும்.