மலைத்தட ஊர்திக்கு ஏற்ற சங்கிலியும் பற்சக்கரங்களும்

மணல், சேறு, கற்பாறை ஆகியவற்றின் மீது செல்வதற்கென அமைந்த நான்கு சக்கரச் சிற்றூர்தி ஏ.டி.வி. எனப்படும். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த மூன்று சக்கர ஊர்தி இதற்கு முன்னோடியாகும். பாரம் சுமக்கும் ஏ.டி.வி.க்களில் பெரும்பாலும் சுழல்தண்டு வாயிலாகவே எஞ்சினின் ஆற்றல் சக்கரங்களைச் சேருகிறது. எடை குறைந்த விரைவு வகைகளிலோ, மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல, சங்கிலியும் ஸ்பிராக்கெட் எனப்படும் இரு பற்சக்கரங்களும் அப்பணியைச் செய்கின்றன.

தொழிற்சாலையில் அமைக்கப்படும் பல் விகிதம் பலவகை நிலங்களுக்கும் பொதுவானது. செங்குத்தான தடத்தில் முதற் கியரின் வேகமும் மிகையாக இருப்பின், ஓட்டுநர் கிளட்சைப் பாதி அழுத்தியவாறே ஏற நேரிடும். கிளட்ச் தகடுகள் சூடேறிக் கருகும். ஏற்றத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிடின், ஊர்தி பின்னோக்கி உருண்டு கவிழவும் கூடும். ஆதலின் பற்களின் எண்ணிக்கையைத் தேர்வது பாதுகாப்பைப் பற்றிய விஷயமும் ஆகும்.

விகிதக் கணக்கு

பின்சக்கரப் பற்களின் எண்ணிக்கையை முன்சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். விகிதம் உயர்ந்தால் இழுவிசை மிகும். வேகம் அதே அளவிற் குறையும். 1999ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 400 இ.எக்ஸ். என்னும் ஊர்தியை எடுத்துக்கொள்வோம். அதில் முன்னே 15 பற்கள், பின்னே 38 பற்கள், விகிதம் 2.53. முன்சக்கரத்தை 14 பற்களாக்கினால் விகிதம் 2.71 ஆகி, இழுவிசை நூற்றுக்கு 7 பங்கு கூடும். முன்சக்கரத்தை மாற்றாமல் இதே பயனைப் பெற, பின்னே 41 பற்கள் தேவை. அஃதாவது, முன்னே ஒரு பல்லைக் குறைப்பது பின்னே ஏறத்தாழ மூன்று பற்களைக் கூட்டுவதற்குச் சமம்.

முன்னா, பின்னா?

பின்சக்கரத்தில் மூன்று பற்கள் கூடினால் அதன் ஆரம் 7.6 மில்லிமீட்டர் பெருகும். அந்த அளவுக்கு அது நிலத்தை நெருங்கிக் கற்களில் மோதக்கூடும். சங்கிலியும் நீளவேண்டும். முன்சக்கரத்தை மாற்றுவது செலவு குறைந்தது. பின் அச்சை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்தள்ளினால் பழைய சங்கிலியே பொருந்தும்.

எனினும் முன்சக்கரத்தை விரும்பியவாறெல்லாம் சிறிதாக்கலாகாது. சங்கிலி வட்டமாக அன்றிப் பல கோண வடிவிலேயே பற்களைச் சுற்றி வளைகிறது. எனவே அதன் வேகம் ஒவ்வொரு பல்லிலும் சிறிது ஏறி இறங்கும். இவ்வேறுபாடு 15 பற்களில் நூற்றுக்கு 2.2, 13 பற்களில் 2.9, 10 பற்களில் 4.9. சக்கரம் சிறுக்கச் சிறுக்கக் கண்ணிகள் கூடுதலாக மடங்கி விரைவில் தேயும். மேலே கூறிய ஊர்திக்கு 13 பற்களுக்குக் கீழே செல்லாதிருத்தல் நன்று.

டயரின் பங்கு

பலர் கவனியாது விடுவது டயரின் விட்டம். அவ்வூர்தியின் 20 அங்குலப் பின்டயர்களுக்குப் பதிலாக 22 அங்குல டயர்களைப் பூட்டினால் இழுவிசை ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு குறையும். அதனை ஈடுசெய்ய விகிதம் 2.79 ஆதல் வேண்டும். முன்னே 14, பின்னே 39 பற்கள் இதனைத் தரும். டயரைப் பெரிதாக்கிவிட்டு எஞ்சின் வலுவிழந்துவிட்டதாகக் கருதுவது சரியன்று.

பொருத்தமான விகிதத்தை அறியும் வழி எளிது. வழக்கமான தடத்தின் கடுமையான ஏற்றத்தில், கிளட்சை முழுவதும் விடுவித்த நிலையில், முதற் கியரில் எஞ்சின் திணறாமல் மெல்ல ஏறவேண்டும். சமதளத்தில் எஞ்சின் ஓயாது அலறினாலும், வழுக்கும் இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பால் பின்சக்கரங்கள் சறுக்கினாலும் விகிதம் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சங்கிலிப் பராமரிப்பு

இவ்வூர்திக்குரிய 520 எண் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி 15.875 மில்லிமீட்டர். புதுச் சங்கிலியில் 20 இடைவெளிகள் 317.5 மில்லிமீட்டர் இருக்கும். அது 324 மில்லிமீட்டரை எட்டினால் நூற்றுக்கு 2 பங்கு நீண்டுவிட்டது எனலாம், மாற்றுதல் நலம். இங்கு இரும்பு நீள்வதில்லை. ஊசிகளும் குழல்களும் தேய்வதே நீட்சியாகத் தோன்றுகிறது. தேய்ந்த சங்கிலி புதிய பற்களையும், தேய்ந்த பற்கள் புதிய சங்கிலியையும் கெடுக்கும். ஆகையால் மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம்.

ரப்பர் வளையங்களால் மூடப்பட்ட சங்கிலியைப் பெட்ரோலாலோ கம்பித் தூரிகையாலோ தேய்க்கலாகாது. மண்ணெண்ணெயும் மென்தூரிகையும் போதும். முன்சக்கரம், பின்கையின் திருகுமையம், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் அமையும்போது சங்கிலி மிக இறுகும். அந்நிலையிலும் சிறிது தளர்வு எஞ்சவேண்டும். இல்லையேல் சங்கிலி அறும். அன்றிக் கியர்ப்பெட்டியின் பேரிங்குகள் சேதமுறும்.

ஆசிரியர்கள் இக்கணக்கை ஒரு மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தியே வகுப்பில் விளக்கலாம். அதில் முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் சிறிது. மாணவர் பற்களை எண்ணி வகுத்தபின், மிதிகட்டையை ஒருமுறை சுற்றிப் பின்சக்கரத்தின் சுற்றுகளை எண்ணினால், கணக்கும் செயலும் ஒத்திருப்பதைத் தாமே காண்பர்.