யோங் பெங் முகப்பில் எந்த மொழி?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பாருவை நோக்கிச் செல்பவர்களுக்கு யோங் பெங் என்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. வடக்கு, தெற்கு என அவ்வூருக்கு இரண்டு வெளிவழிகள் உள்ளன. நெடுஞ்சாலை 1994-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன், பழைய கூட்டரசுச் சாலையில் சென்றவர்கள் இந்தப் பட்டணத்தைக் கடந்தே ஆகவேண்டும். தேநீருக்காகவும் கழிவறைக்காகவும் இறங்கிய பயணிகள் பலருக்கு இவ்வூரைப் பற்றி அதற்கு மேல் தெரியாது.

ஆனால், சற்று நின்று கவனித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் கடைத்தெருவில் வயதானவர்கள் பேசிக்கொள்வது மலாயுமல்ல, மாண்டரினுமல்ல. அது ஃபூச்சௌ மொழி. சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து வந்தவர்களின் தாய்மொழி அது. 1901-இல் சரவாக்கின் சிபுவிலும், 1903-இல் பேராக்கின் சித்தியவானிலும் குடியேறியவர்கள் இதே மக்கள்தாம். யோங் பெங்கைச் 'சின்ன ஃபூச்சௌ' என்றே சீனர்கள் அழைப்பதுண்டு. சிவப்பு அரிசி மதுவில் சமைக்கும் மீ சுவாவும் மீன் உருண்டையும் இவ்வூரின் அடையாளங்கள். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள், அங்கே தமிழ். கம்பங்களில் மலாய். ஆக, ஒரு சிற்றூரைச் சுற்றி நான்கு மொழிகள்.

இப்படி அமைந்தது எப்படி?

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தை மறந்துவிட்டு இவ்வூரைப் புரிந்துகொள்ள முடியாது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், நாடெங்கும் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. ஒரே இடத்தில் ஒரே மொழிக்காரர்கள் சேர்ந்து வாழ்ந்ததால் மொழி நிலைத்தது. தோட்டத்து லயன் வீடுகளில் தமிழ் நிலைத்ததற்கும் காரணம் அதுவே. பிரித்து வைத்த ஏற்பாடுதான் மொழியைக் காத்தது. ஆனால் அதே ஏற்பாடுதான் அரசாங்க முகப்புக்கும் அந்த மக்களுக்கும் இடையே தூரத்தையும் உண்டாக்கியது.

கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது விதி, மலாய்மொழியைத் தேசிய மொழியாக அறிவிக்கிறது. அதே விதி, அதிகாரப்பூர்வ நோக்கத்திற்கு அல்லாமல் வேறு மொழிகளைப் பயன்படுத்தவோ கற்பிக்கவோ எவரையும் தடுக்கக்கூடாது என்றும் கூறுகிறது. வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழுக்கு இடமுண்டு. பாரமும் கடிதமும் மலாயில்தான். இளையோருக்கு இது பெரிய சிரமமன்று. அவர்கள் மலாயில் படித்தவர்கள். சிரமப்படுவது பாட்டிமார்களும் தாத்தாமார்களும்தான். மருந்துப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத ஃபூச்சௌ மூதாட்டியும், அதே வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்துத் தமிழ் மூதாட்டியும் உண்மையில் ஒரே படகில் பயணம் செய்பவர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மொழியைவிடப் பெரிய குழப்பம் ஒன்றுண்டு. எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அரசாங்கச் சேவைகள் மூன்று அடுக்குகளைக் கொண்டவை. பள்ளி, போலீஸ், சுகாதாரக் கிளினிக், அடையாள அட்டை ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. சந்தை, கடை உரிமம், மதிப்பீட்டு வரி, கால்வாய், தெருவிளக்கு முதலியன யோங் பெங் மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. இம்மன்றத்தின் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசாங்கமே உறுப்பினர்களை நியமிக்கிறது. ஆகவே வாக்காளர்கள் குறைகூற நேரடியாக நாடக்கூடியவர்கள் யோங் பெங் சட்டமன்ற உறுப்பினரும் ஆயர் ஹீத்தாம் நாடாளுமன்ற உறுப்பினரும்தான்.

குப்பை விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். குப்பை அள்ளாவிட்டால் மன்றத்தைத் திட்டுவது வழக்கம். ஆனால் 2011 செப்டம்பர் முதல் ஜொகூரில் திடக்கழிவுப் பொறுப்பு கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. தவறான கதவைத் தட்டினால் சரியான பதில் எப்படிக் கிடைக்கும்?

அலுவலக நாளிலும் ஒரு மாற்றம் உண்டு. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டது. பழைய நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறினால், பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளிக்கு மருத்துவம் பெறலாம். ஆனால் பெரிய சிகிச்சை என்றால் பத்து பகாட்டிலுள்ள சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ குளுவாங் மருத்துவமனைக்கோ போகவேண்டும். சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு அது ஒரு முழுநாள் வேலை.

தோட்டத்து நிலைமை இன்னும் வேறு. தோட்டம் தனியார் நிலம். வேலிக்குள் சாலையும் விளக்கும் மன்றத்தின் கடமையல்ல. தொழிலாளர் குடியிருப்பு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் முதலாளியின் பொறுப்பாக்கியுள்ளது. அதற்கான புகார் மனித வள அமைச்சின் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லவேண்டும். இந்த ஒரு விவரம் தெரியாமல் கழிந்த ஆண்டுகள் எத்தனையோ!

பத்திரம் இல்லையேல் எதுவும் இல்லை

இன்று மைகார்டு வெறும் அடையாள அட்டையன்று. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்ட 100 வெள்ளி சாரா உதவி மைகார்டு வழியாகவே கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 பெட்ரோல் மானியமும் மைகார்டு வழியாகத்தான். அட்டை இல்லாதவருக்கு இரண்டும் இல்லை.

அட்டைக்கு அடிப்படை பிறப்புப் பத்திரம். தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பதியவேண்டும். தாமதித்தால் சான்றுகளும் சாட்சிகளும் தேடி அலைய நேரிடும். இதற்கும் முன்னதான ஓர் அடிப்படை, திருமணப் பதிவு. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பெற்றோரின் திருமணம் பதியப்படாவிட்டால் குழந்தையின் குடியுரிமை தாயைச் சார்ந்தே பார்க்கப்படும். தாயிடம் ஆவணம் இல்லையென்றால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றவராகும் அபாயம் உண்டு. 2011-இல் இந்தியர்களுக்காக மைடஃப்தார் என்ற பதிவு இயக்கத்தை அரசாங்கமே நடத்த வேண்டி வந்ததென்றால், சிக்கலின் ஆழத்தை ஊகித்துக் கொள்ளலாம்.

கனடா காட்டும் வழி

கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் ஆங்கிலம் பேசும் மாநிலம். அதன் கிழக்கு மூலையில் பிரெஸ்காட்-ரஸல் என்ற கிராமப்புற வட்டாரம் உள்ளது. அங்கே பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுபவர்கள். 1986-இல் ஒண்டாரியோ ஒரு சட்டம் இயற்றியது. ஒரு பகுதியில் 10 விழுக்காட்டினர், அல்லது நகரமானால் 5,000 பேர் பிரெஞ்சு பேசுபவர்களாக இருந்தால், மாநில அரசுச் சேவையை அங்கே பிரெஞ்சில் பெறலாம் என்பது அதன் அளவுகோல். ஊராட்சி மன்றங்களை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; விரும்பினால் செய்யலாம்.

சட்டம் வந்தபின்னும் போராட்டம் ஓயவில்லை. 1997-இல் ஒட்டாவாவின் மொன்ட்ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவமனையை மூடத் திட்டமிட்டபோது மக்கள் வீதிக்கு வந்தனர், நீதிமன்றம் சென்றனர். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது. நோயாளி தன் வலியைத் தன் மொழியில் சொல்ல முடிவது சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே அம்மக்களின் வாதம்.

கனடாவில் பிரெஞ்சு ஆட்சிமொழி. இங்கே தமிழும் ஃபூச்சௌவும் அப்படியல்ல. ஆகவே அச்சட்டத்தை அப்படியே இங்கே கேட்பது பொருந்தாது. ஆனால் அதன் உட்பொருள் பொருந்தும். நம் நாட்டு நீதிமன்றங்களில் தமிழ், சீன மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் அந்த உதவி, கிளினிக்கில் அமர்ந்திருக்கும் நோயாளிக்கும் கிடைத்தால் தேசிய மொழிக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. மலாய் அறிந்த ஓர் இளைஞர், மாதத்தில் ஒரு நாள், தன் தோட்டத்து முதியவர் ஒருவருடன் அலுவலகம் சென்று வரலாம். வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, மைகார்டு ஆகிய மூன்றையும் இந்த வாரமே எடுத்துச் சரிபார்க்கலாம். முகப்பில் இருப்பவர் பேசும் மொழி மாறக் காலமாகலாம். முகப்புக்குச் செல்பவர் தனியாகச் செல்ல வேண்டியதில்லை.